மிதவை டியூபுக்கு எந்த ஃபின்? பூட்ஸிலிருந்து தொடங்கும் ஓர் ஒப்பீடு

மிதவை டியூபில், அதாவது இருக்கை பொருத்திய காற்றடைத்த ஒற்றையாள் மிதவையில், உட்கார்ந்து மீன் பிடிப்பவருக்குக் காலே துடுப்பு. கைகளில் தூண்டில் கம்பும் ரீலும் இருக்கும். கரையை விட்டு நகர்வது, காற்று தள்ளும்போது இடம் மாறாமல் நிற்பது, மீன் சுற்றி ஓடும்போது கூடவே திரும்புவது, பொழுது சாயும் நேரம் கரை சேர்வது எல்லாமே பாதத்தில் மாட்டிய துடுப்பு போன்ற ஒரு ஜோடி ஃபின் செய்யும் வேலை. டியூபின் வடிவம், காற்றறைகளின் எண்ணிக்கை, பக்கவாட்டுப் பைகள் என்று ஒவ்வொன்றாக அலசி வாங்குபவர்கள், ஃபின் என்று வரும்போது மட்டும் வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் நீச்சல் ஃபின் போதும் என்று முடித்துவிடுகிறார்கள். அது போதவில்லை என்பது நீர்நிலையின் நடுவில் எதிர்காற்று கிளம்பும்போதுதான் தெரியவரும்.

ஃபின்னைப் பார்த்ததும் எல்லோரும் முதலில் கவனிப்பது அதன் நீளத்தை. நீளம் உண்மையில் கடைசியாக முடிவு செய்ய வேண்டியது. காலில் என்ன பூட்ஸ் போடப்போகிறீர்கள் என்பது முதல் கேள்வி. அடுத்தது பிளேடு, அதாவது ஃபின்னில் நீரைத் தள்ளும் பலகைப் பகுதி, எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது என்பது. அதன் பிறகு விறைப்பு, அதற்கும் பிறகுதான் நீளம். கீழே உள்ள ஒப்பீடு முழுவதும் இந்த வரிசையில்தான் போகிறது.

உட்கார்ந்து உதைப்பது வேறு

நீந்துபவரும் முக்குளிப்பவரும் நீரில் படுத்த வாக்கில் இடுப்பிலிருந்து காலை வீசுகிறார்கள். மிதவை டியூபில் இடுப்பு இருக்கையில் பதிந்திருக்கிறது, தொடை பெரிதாக அசைவதில்லை. முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதி மட்டும் ஊஞ்சல் போல முன்னும் பின்னும் ஆடுகிறது. பந்தை உதைப்பது போல உதைக்கும்போது பிளேடின் மேல்பக்கம் நீரை முன்னே தள்ளுகிறது, நீங்கள் பின்னோக்கி நகர்கிறீர்கள். டியூபில் போகிறவர் போகும் திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போவது இதனால்தான். சுமை முழுவதும் தொடையின் முன்பக்கத் தசையிலும் புறங்காலிலும் விழுகிறது.

இதில் கணுக்காலின் கோணம் மிக முக்கியம். நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் பதித்திருப்பது போலக் கணுக்கால் செங்கோணத்தில் இருக்கிறது என்று வையுங்கள். உள்ளங்காலுக்கு நேராக நீளும் பிளேடு அப்போது கிடைமட்டமாக இருக்கும். அந்த நிலையில் காலை வீசினால் நீர் மேல்நோக்கித்தான் தள்ளப்படும். இன்னும் உயர வீசினால் பிளேடின் மேல்முகம் உங்களைப் பார்க்கத் திரும்பி, நீரை உங்கள் பக்கமே தள்ளத் தொடங்கும். பின்னே போவதற்காக உதைத்த உதை உங்களை முன்னே இழுக்கும். "எவ்வளவு உதைத்தாலும் நகரவே மாட்டேன் என்கிறது" என்று புதியவர்கள் சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அவர்களின் ஃபின் சின்னது என்பது காரணமில்லை.

கால்விரலைக் கீழ்நோக்கி நீட்டினால்தான் பிளேடு தொங்கும், அதன் முகம் முன்னே பார்க்கும். ஆனால் மனிதக் கணுக்கால் காலோடு ஒரே நேர்கோட்டில் வருமளவு நீள்வதில்லை. குறைகிற கோணத்தை ஃபின் தான் தர வேண்டும். நல்ல முக்குளிப்பு ஃபின்கள் பலவற்றில் பிளேடு உள்ளங்காலின் தளத்திலிருந்து 15 முதல் 25 டிகிரி வரை கீழே சாய்ந்திருப்பது இதற்காகத்தான். கடையில் ஃபின்னைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். கால் நுழையும் பாதக்கூட்டின் அடியும் பிளேடும் ஒரே கோடாகத் தெரிந்தால், அது கணுக்காலை அதிகமாக வேலை வாங்கும் ஃபின்.

உதையின் வீச்சும் இதோடு சேர்ந்தது. குதிகாலை இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டு தொடங்க வேண்டும். கீழ்க்கால் செங்குத்தைத் தாண்டி 30 அல்லது 40 டிகிரி முன்னே வந்ததும் நிறுத்திவிட வேண்டும். நுனி நீர்மட்டத்தைத் தொடுமளவு தூக்கினால் தண்ணீர் தெறிக்கும், அருகில் இருக்கும் மீன் விலகும், உந்துதல் மட்டும் கிடைக்காது.

பூட்ஸ்தான் முதல் அளவுகோல்

டியூபில் போகிறவர்கள் காலில் போடுவது பெரும்பாலும் மூன்றில் ஒன்று. காலோடு சேர்த்து அணியும் நீர்புகாத உடுப்பான வேடர்ஸின் நியோப்ரீன் (மெத்தென்ற செயற்கை ரப்பர்) காலுறைக்கு மேல், நீரில் நடப்பதற்கான கனமான வேடிங் பூட்ஸ், அல்லது அதே காலுறைக்கு மேல் 3 முதல் 5 மில்லிமீட்டர் தடிப்புள்ள நியோப்ரீன் ஷூ, அல்லது வேடர்ஸோடு ஒட்டியே வரும் ரப்பர் பூட்ஸ். வெதுவெதுப்பான நீரில் வேடர்ஸ் இல்லாமல் நியோப்ரீன் ஷூவை மட்டும் போட்டு இறங்குவதும் உண்டு.

வேடிங் பூட்ஸ் அகலமானது. தடித்த அடிப்பகுதி, விரல்களைக் காக்கும் கெட்டியான முன்முகம், கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் உயரமான கழுத்து எல்லாம் நடக்க அருமையானவை. வழுக்குப் பாறைகள் நிறைந்த கரையில் அரை கிலோமீட்டர் நடந்துதான் நீரை அடைய வேண்டும் என்றால் இதற்கு மாற்றே கிடையாது. நீரில் இறங்கியதும் இதே குணங்கள் பாரமாகிவிடுகின்றன. கெட்டியான கழுத்து கணுக்காலை நீட்ட விடாது. அதனால் வேடிங் பூட்ஸ் போடுபவருக்கு, நியோப்ரீன் ஷூ போடுபவரைவிட அதிகம் சாய்ந்த பிளேடு தேவை. வேடிங் பூட்ஸுக்கென்றே விற்கப்படும் பட்டை கட்டும் ஃபின்கள் பலவற்றில் பிளேடு தட்டையாக இருப்பதால், தேவைப்படுகிறவருக்கே அது கிடைக்காமல் போகிறது.

நியோப்ரீன் ஷூ மெலிதானது, முக்குளிப்பவர்களுக்காகச் செய்யப்பட்ட ஏறக்குறைய எந்தப் பின்புறம் திறந்த ஃபின்னிலும் (குதிகாலைப் பட்டையால் இறுக்குவது) நுழையும், கணுக்காலைத் தாராளமாக நீட்ட விடும். கூர்மையான கற்களின் மேல் நெடுந்தூரம் நடக்க மட்டும் ஏற்றதல்ல. அடிப்பகுதி கெட்டியாக உள்ள ஷூவாகத் தேர்ந்தெடுத்தால் சரளைக் கரையில் நூறு, இருநூறு மீட்டர் நடப்பதில் சிரமம் இராது. நடை குறைவாக உள்ள எவருக்கும் இதுவே சிறந்த ஏற்பாடு. ஃபின் தேர்வில் பாதிச் சிக்கல் இதிலேயே தீர்ந்துவிடும்.

ஒட்டியே வரும் ரப்பர் பூட்ஸ் இரண்டுக்கும் இடைப்பட்டது. அகலமாகவும் உள்ளே தொளதொளவென்றும் இருப்பதால் ஃபின் பூட்ஸை இறுக்கிப் பிடித்தாலும் கால் பூட்ஸுக்குள்ளேயே ஆடும். தடித்த காலுறை போட்டு அந்த இடைவெளியை நிரப்பிய பிறகுதான் ஃபின் அளவைப் பார்க்க வேண்டும்.

நான்காவதாக ஒரு பழக்கம் உண்டு. ஷூ எதுவும் இல்லாமல் வேடர்ஸின் நியோப்ரீன் காலுறையோடு நேரே பாதக்கூட்டில் காலை நுழைப்பது. இதைச் செய்யாதீர்கள். பாதக்கூட்டின் விளிம்பும் பக்கிளும் காலுறையை அரைத்து, ஊசித்துளை போல ஓட்டை போட்டுவிடும். கரையில் ஃபின்னைக் கழற்றிய பிறகு ஒரு கல் குத்தினாலும் அதே கதி.

அளவெடுப்பது இப்படி. போடப்போகும் காலுறை, வேடர்ஸ், பூட்ஸ் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு நிமிர்ந்து நில்லுங்கள். விரல்களின் அடிமூட்டுப் பகுதியில், அதாவது பூட்ஸ் மிக அகலமாக இருக்கும் இடத்தில், வெளி அகலத்தை எடுங்கள். பிறகு தரையிலிருந்து புறங்காலின் மேடு வரை உயரம், கடைசியாக மொத்த நீளம். பாதக்கூட்டின் உள் அகலமும் உள் உயரமும் இந்த அளவுகளுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். பூட்ஸின் முன் மூன்றில் இரண்டு பங்கு உள்ளே போய், குதிகால் 2 அல்லது 3 சென்டிமீட்டர் வெளியே நின்றால் பொருத்தம் சரி. பாதி பாதம்தான் உள்ளே போகிறது என்றால் பிளேடு கால்விரல்களில் தொங்கும், ஒவ்வொரு உதையிலும் குதிகால் பக்கம் எழும்பும். ஃபின் மேல் அச்சிட்டிருக்கும் நடுத்தரம், பெரியது போன்ற குறிகள் முக்குளிப்பு ஷூவை மனதில் வைத்துப் போட்டவை. வேடிங் பூட்ஸுக்கு அவற்றில் மிகப் பெரிய அளவு தேவைப்படும், சில மாடல்களில் அதுவும் பற்றாது. பூட்ஸின் அடியில் உலோக ஆணிகள் இருந்தால் அவை பாதக்கூட்டின் உட்பக்கத்தைக் கீறிக் கிழிக்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

வகை வகையாக

குதிகாலை மூடும் முழுக்கால் ஃபின்னை முதலில் ஒதுக்கிவிடலாம். வெறுங்காலுக்குச் செய்தது அது. பூட்ஸோடு நுழையாது, வெறுங்காலோடு போனால் கரையில் நடக்க வழியில்லை. மூச்சடக்கி முக்குளிப்பவர்களின் மிக நீண்ட ஃபின்னும் வேண்டாம். இடுப்பிலிருந்து அடிக்கும் வீச்சுக்கு அமைந்த பிளேடு அது; முழங்காலிலிருந்து உதைத்தால் மூட்டில் வரும் திருகல் தாங்காது. அலைச் சறுக்குக்காரர்களின் குட்டை ஃபின்னோ இதற்கு நேர்மாறு. உறுதியானது, எடையில்லாதது, ஆனால் அதன் பாதக்கூட்டில் பூட்ஸ் எதுவும் நுழையாது.

மீதமுள்ளவற்றில் முதலாவது, முக்குளிப்புக்கான பின்புறம் திறந்த சாதாரணத் துடுப்பு ஃபின். நீரில் நியோப்ரீன் ஷூவோடு இறங்குபவருக்கு வேறெதையும் தேட வேண்டியதில்லை என்பது என் துணிபு. பிளேடில் சாய்வு உண்டு, பக்க விலாக்கள் நீரை நழுவ விடாமல் பிடிக்கும், நின்ற இடத்தில் திரும்புவதற்கு நல்ல பிடிமானம் கிடைக்கும், குதிகால் பட்டைகளும் பக்கிள்களும் தனியாக வாங்க எளிதில் அகப்படும். மொத்த நீளம் 55 முதல் 60 சென்டிமீட்டருக்குள் இருக்கும் குட்டை மாடல்களாகப் பாருங்கள்.

இரண்டாவது, கனமான ரப்பரில் வார்த்த, காற்றோட்டத் துளைகள் போல நீர் வழிகள் வைத்த ஃபின். 1960-களில் வந்த ஜெட் ஃபின் இந்தக் குடும்பத்துக்கு மூத்தது. பாதக்கூடு விசாலமானது, பெரிய அளவில் எடுத்தால் தடித்த பூட்ஸும் நுழையும். பிளேடு குட்டை, அகலம், நல்ல விறைப்பு. எத்தனை வருடம் ஆனாலும் உடையாது. குறை என்னவென்றால் எடை. பெரிய அளவில் ஒரு ஜோடி 3 கிலோவை ஒட்டி வரும். வலுவான தொடை உள்ளவருக்கு, காற்றடிக்கும் பெரிய நீர்நிலையில் இது பெரிய துணை. முழங்கால் தொந்தரவு உள்ளவருக்கு ஒரு மணி நேரம் கூடத் தாங்காது. நீர்நிலைக்கு நெடுந்தூரம் சுமந்து போகிறவரும் யோசிக்க வேண்டும்.

மூன்றாவது பிளவு ஃபின். பிளேடு நடுவில் இரண்டாகப் பிரிந்து, உதைக்கும்போது இரு பாதிகளும் சற்றுத் திருகிக்கொள்ளும். உதை மிக லேசாகத் தெரியும். வேகமான சிறு உதைகளை இடைவிடாமல் போடுபவருக்கு, அதாவது தூண்டிலை இழுத்துக்கொண்டு மெதுவாக நெடுந்தூரம் சுற்றுபவருக்கு, இது கால்களைக் காப்பாற்றும். ஆனால் ஒரே அழுத்தமான உதையில் டியூபைத் திருப்ப வேண்டிய நேரத்தில் நீர் பிளவு வழியே நழுவிவிடும். நீர்ப்பூண்டும் கொடிப்பாசியும் உள்ள இடத்தில் பிளவுக்குள் தண்டுகள் சிக்கிக்கொள்ளும், கையால்தான் எடுக்க வேண்டும், உட்கார்ந்தபடி நுனியை எட்டுவது எளிதல்ல. பாசி இல்லாத திறந்த நீருக்கு மட்டும் பிளவு ஃபின்.

நான்காவது, பூட்ஸுக்கு மேல் பட்டைகளால் கட்டிக்கொள்ளும் தளமேடை ஃபின். மிதவை டியூப் விற்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் கூடவே விற்பது இதைத்தான். பாதக்கூடு கிடையாது. ஒரு தட்டையான தளத்தில் பூட்ஸை வைத்து, புறங்கால் மேல் ஒரு பட்டையும் குதிகாலைச் சுற்றி ஒன்றும் இறுக்க வேண்டும். எந்த பூட்ஸுக்கும் பொருந்தும், ஒரே ஜோடியைக் குடும்பத்தில் பலர் பயன்படுத்தலாம், எடையும் குறைவு. பாதக்கூட்டைப் போல நாற்புறமும் பிடிப்பு இல்லாததால் பக்கவாட்டில் திருகும். பட்டை நனைந்து தளரும்போது ஃபின் கோணலாகி, ஒரு கால் நேராகவும் ஒரு கால் வெளிப்பக்கமாகவும் உதைக்கும். இதை வாங்குவதானால் புறங்கால் பட்டை 4 சென்டிமீட்டருக்குக் குறையாத அகலம் உள்ளதாக, பூட்ஸின் முன்முகத்தைத் தாங்கும் வளைந்த விளிம்பு உள்ளதாகப் பாருங்கள். ஒட்டுப்பட்டையை மட்டும் நம்பும் மாடல் வேண்டாம். பாசி நாரும் மணலும் ஏறினால் அது பிடிப்பதை நிறுத்திவிடும். பற்கள் உள்ள பக்கிள் அப்படிக் கைவிடாது.

இதன் இன்னொரு வடிவம் மடக்கு ஃபின். பிளேடு கீல் போட்டு இணைந்திருக்கும், கரையில் அதை மேலே மடக்கி காலோடு சேர்த்துக் கட்டிவிட்டு நடக்கலாம். சேறும் ஆழமின்மையும் உள்ள கரையில் இறங்கி ஏறுவது எவ்வளவு சிரமம் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். விலை கூடுதல், கீலில் மணல் புகுந்தால் முழுதாகத் திறக்காது. தாழ்ப்பாள் பாதி பூட்டிய நிலையில் உதைத்தால் பிளேடு மடங்கிவிடும். ஒரு நாளில் பலமுறை கரையேறி இடம் மாற்றுபவருக்கு மட்டுமே இது தேவை.

ஐந்தாவது, விரல்பக்கம் திறந்து, நுனி மீன்வால் போலப் பிளந்த குட்டையான பாலியூரித்தேன் ஃபின். பாப் எவன்ஸ் வடிவமைத்த ஃபோர்ஸ் ஃபின் இதற்கு எடுத்துக்காட்டு. மிதவை டியூப்காரர்களிடையே இதற்கென்று ஒரு கூட்டமே உண்டு, காரணமும் உண்டு. இது கால்விரல்களின் மேல் சுமையை ஏற்றாமல் புறங்காலில் ஏற்றுகிறது. அதனால் நெம்புதூரம் குறைகிறது, கணுக்காலும் கெண்டைக்காலும் நிம்மதியாக இருக்கின்றன. வளைந்து நிமிரும் சுறுசுறுப்பு இந்தப் பொருளில் அதிகம். குட்டை என்பதால் ஆழம் குறைந்த இடத்தில் அடியில் தட்டாது. விலைதான் உறுத்தும். திறந்த முன்பக்கம் வழியே பூட்ஸின் முனை வெளியே வரும் என்பதால் நீளமான பூட்ஸுக்குத் தோதாக இருக்கும். ஆனால் அகலமான பூட்ஸுக்குத் தோது என்று எண்ணிவிடக்கூடாது, அகலத்தை அளந்துதான் வாங்க வேண்டும்.

விறைப்பும் நீளமும், இருக்கையைப் பொறுத்து

வட்ட டியூபில் உட்கார்ந்தால் இடுப்புக்கு மேலும் நீரில் இருப்பீர்கள். உடலே பெரிய தடை. அதைத் தள்ளச் சற்று விறைப்பான, பரப்பு கூடுதலான பிளேடு வேண்டும். கால் ஆழத்தில் தொங்குவதால் நுனி நீர்மட்டத்துக்கு வருமோ என்ற கவலையும் இல்லை. இரு பக்கமும் நீண்ட மிதவைகளோடு முன்பக்கம் திறந்த டியூபில் இருக்கை உயரமானது. தொடை நீருக்கு மேலேயே இருக்கும், கீழ்க்கால் மட்டும் நனையும். தடை குறைவு என்பதால் சிறிய பிளேடே நன்றாக நகர்த்தும், நீண்ட பிளேடோ ஒவ்வொரு உதையிலும் நீர்மட்டத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். உயரமான இருக்கைக்கு நீளமான ஃபின் என்று பலர் நினைப்பது தலைகீழ்க் கணக்கு.

விறைப்பைக் கடையிலேயே சோதிக்கலாம். பாதக்கூட்டை இரு கையாலும் பிடித்து நுனியைத் தரையில் ஊன்றி அழுத்துங்கள். பிளேடின் முன் மூன்றில் இரண்டு பங்கு ஒரே சீரான வில்லாக வளைந்து, விட்டதும் சட்டென்று நிமிர வேண்டும். பாதக்கூட்டுக்கு அருகே ஒரே இடத்தில் மடிந்தால் அந்த ஃபின்னில் உந்துதல் இல்லை, நாளடைவில் அங்கேயே விரிசல் விடும். உடல் எடையைப் போட்டும் வளையாவிட்டால் அது உங்கள் முழங்காலைத்தான் வளைக்கும். இரண்டுக்கும் நடுவில் தயக்கம் வந்தால் மென்மையான பக்கம் சாயுங்கள். மென்மையான ஃபின்னில் இரண்டு உதை கூடுதலாகப் போட்டால் போதும், விறைப்பான ஃபின்னில் தசை பிடித்துக்கொண்டால் ஒரு உதையும் போட முடியாது.

நீளத்துக்கு இன்னொரு வரம்பு நீரின் ஆழம். ஒரு மீட்டருக்குக் குறைந்த நீரில் நீண்ட பிளேடு வண்டலைக் கிளப்பும், மூழ்கிய மரக்கிளையில் மாட்டும். கரையோரப் புதர்களை ஒட்டி மீன் பிடிப்பவர் குட்டை பிளேடைத் தவிர வேறெதையும் எடுக்க வேண்டாம்.

மிதக்கும் ஃபின், மூழ்கும் ஃபின்

பாலிப்ரோப்பிலீன் கலந்த லேசான ஃபின்கள் மிதக்கும். திட ரப்பரும் பாலியூரித்தேனும் மூழ்கும். கழன்று விழுந்தால் எடுக்கலாம் என்பது மிதப்பதன் பெரிய லாபம். ஆனால் நியோப்ரீன் ஷூவும் காற்று தங்கிய வேடர்ஸும் ஏற்கெனவே பாதத்தை மேலே தூக்குகின்றன. அதோடு மிதக்கும் ஃபின்னும் சேர்ந்தால், உதைக்காமல் சும்மா இருக்கும்போது கால் முன்னே எழும்பிவரும், அதைக் கீழே அமுக்கி வைக்கவே தொடை வேலை செய்துகொண்டிருக்கும். இறங்கியதும் மார்பளவு நீரில் வேடர்ஸின் காற்றை வெளியேற்றி இடுப்புப் பெல்ட்டை இறுக்கிக்கொண்டால் இது பெருமளவு குறையும். கனமான வேடிங் பூட்ஸ் போடுபவருக்கு மிதக்கும் ஃபின் நல்ல சமன். மெல்லிய நியோப்ரீன் ஷூவுக்குச் சற்றே மூழ்கும் ஃபின் நல்லது.

எதுவானாலும் பாதுகாப்புக் கயிறு கட்டாமல் இறங்காதீர்கள். நடுநீரில் ஒரு ஃபின் போனால் டியூப் இருந்த இடத்தில் வட்டமடிக்கும். மிச்சமுள்ள ஒற்றைக் காலை உடலின் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து உதைத்து, எதிர்ப்பக்கம் கையால் துழாவினால் வரலாம். ஆனால் காற்று எதிரே இருந்தால் அதுவும் நடக்காது. 30 முதல் 40 சென்டிமீட்டர் நீளமுள்ள மீள்கயிறு போதும். ஒரு முனை கணுக்காலில் சுற்றும் பட்டையில் இருக்கட்டும். மறு முனையைக் குதிகால் பட்டையில் கட்டுவதுதான் பொதுவாக நடக்கும் தவறு, ஏனென்றால் அறுந்து போவதே பெரும்பாலும் அந்தப் பட்டைதான். பாதக்கூட்டின் வடிகால் துளையில் கட்டுங்கள், துளை இல்லாவிட்டால் பிளேடின் விளிம்பில் ஒரு சிறு துளை போட்டுக்கொள்ளலாம். கயிறு நீளமாக விட்டால் தூண்டில் முள் அதில் மாட்டும்.

பட்டைகளில் மூன்று தினுசு. சாதாரண ரப்பர் பட்டை மலிவு. வெயிலில் காய்ந்து பக்கிள் பக்கத்தில் வெடிக்கும், வெடிப்பு கண்ணில் பட்ட அன்றே மாற்ற வேண்டும். துருப்பிடிக்காத எஃகுச் சுருள்வில் பட்டை ஒருமுறை அளவு வைத்தால் பிறகு தொட வேண்டியதில்லை. குதிகாலில் உள்ள வளையத்தைப் பிடித்து இழுத்து மாட்டினால் முடிந்தது. வேடர்ஸ் போட்டுக் குனிய முடியாமல் தவிப்பவர்களுக்கு ஃபின்னுக்கு அடுத்தபடியாகச் செலவு செய்ய வேண்டிய பொருள் இதுதான். மூன்றாவது தடித்த மீள்கயிறு, வேலையில் சுருள்வில்லுக்கு ஈடு, வெட்டுப்பட்டால் மட்டும் பலவீனம். எந்தப் பட்டையிலும் மிஞ்சிய வால் 5 சென்டிமீட்டருக்கு மேல் தொங்கக்கூடாது, அதுவும் வெளிப்பக்கம் பார்க்க இருக்க வேண்டும். உட்பக்கம் இருந்தால் மறு காலின் ஃபின்னில் உரசி பக்கிளைத் திறந்துவிடும்.

எதைத் தேர்ந்தெடுப்பது

நடை குறைவு, சிறிய நீர்நிலை, உயரமான இருக்கை என்றால் நியோப்ரீன் ஷூவும் குட்டையான துடுப்பு ஃபின்னும் சுருள்வில் பட்டையும் போதும். கையில் பணம் கூடுதலாக இருந்து, முழங்கால் அல்லது கணுக்கால் தொந்தரவும் இருந்தால் மீன்வால் பாலியூரித்தேன் ஃபின். வட்ட டியூபில் காற்றடிக்கும் பெரிய நீர்நிலைக்குப் போகிறவர், கால் பலம் இருந்தால் கன ரப்பர் ஃபின்னை எடுக்கலாம். நீண்ட நடையும் வேடிங் பூட்ஸும் தவிர்க்க முடியாதவை என்றால், தளமேடை ஃபின்களில் பிளேடு கீழ்நோக்கிச் சாய்ந்த மாடலைத் தேடிப் பிடியுங்கள். அது கிடைக்காவிட்டால் ஷூவை முதுகுப் பையில் சுமந்துபோய்க் கரையில் பூட்ஸைக் கழற்றி மாற்றிக்கொள்வது, தட்டை ஃபின்னோடு நாள் முழுவதும் போராடுவதைவிட எவ்வளவோ மேல். எந்த ஃபின்னும் மிதவை டியூபை நடைவேகத்துக்குக் கொண்டுவராது. ஆகவே ஓடும் ஆற்றில் இறங்குவதற்கும், உயிர்காப்பு மேலங்கி இல்லாமல் போவதற்கும் நல்ல ஃபின் ஒரு சாக்காகக் கூடாது. புறப்படும்போது காற்றை எதிர்த்துப் போங்கள், திரும்பும்போது அதுவே தள்ளிக்கொண்டு வரும்.

ஃபின் மாட்டிய காலோடு முன்னோக்கி நடக்காதீர்கள். நுனி மடிந்து குப்புற விழச் செய்யும். நீரின் விளிம்பில் உட்கார்ந்து மாட்டி, எழுந்து, டியூபைப் பிடித்தபடி பின்பக்கமாகக் காலை இழுத்து இழுத்து இறங்க வேண்டும். ஏறும்போதும் முதுகு கரையைப் பார்க்க வேண்டும்.

வாங்கியதும் வீட்டிலேயே ஒரு சோதனை. முழு உடுப்பையும் மாட்டிக்கொண்டு உயரமான மேசை விளிம்பில் உட்கார்ந்து, கால் தொங்க 50 முறை உதையுங்கள். குதிகால் பட்டை நழுவினாலோ, விரல் முன்னே போய் முட்டினாலோ அளவு தவறு. மாற்றிக்கொள்ள அப்போதுதான் நேரம். பிறகு கரையை ஒட்டிய ஆழமற்ற நீரில் காற்றை எதிர்த்து 20 நிமிடம். எங்கே வலிக்கிறது என்று கவனித்தால் எது பொருந்தவில்லை என்று தெரியும். விரல்கள் மரத்துப்போனால் அல்லது மற்ற இடத்தைவிடக் குளிர்ந்தால் பாதக்கூடு இறுக்கம், இரத்த ஓட்டம் தடைப்படுகிறது. உள்ளங்காலும் கெண்டைக்காலும் இழுத்துக்கொண்டால் பாதக்கூடு தளர்வு; ஃபின் கழன்றுவிடாமல் இருக்கக் கால்விரல்கள் தாமாகவே மடங்கிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அப்போதைக்கு உதைப்பதை நிறுத்தி, காலை நீட்டி, பிளேடின் நுனியைப் பிடித்து உங்கள் பக்கம் மெல்ல இழுத்தால் பிடிப்பு விடும். கணுக்காலின் முன்பக்கம் வலித்தால் பிளேடு தட்டை. தொடையின் முன்பக்கம் எரிந்தால் விறைப்பு அதிகம், அல்லது பிளேடு நீளம். முழங்காலின் உட்பக்கமோ வெளிப்பக்கமோ குத்தினால் ஃபின் பாதத்தில் திருகுகிறது, பட்டைகளைக் கழற்றி நேராக வைத்துக் கட்டிப் பாருங்கள். புறங்காலில் ஒரு கோடாகச் சிவந்திருந்தால் பாதக்கூட்டின் விளிம்பு வெட்டுகிறது. 3 மில்லிமீட்டர் நியோப்ரீன் துண்டு ஒன்றை அந்த இடத்தில் ஷூவுக்கும் விளிம்புக்கும் நடுவே வைத்தால் அது நின்றுவிடும், ஃபின்னை மாற்ற வேண்டியதில்லை.